கண்ணை மூடியும் நின்றேன்!

குற்றாலம் மெயினருவியில் தலையைக் கொடுத்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். ஆறு வருஷமாக எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு நோய்க்குப் போட்ட ஜென்டாமைசின் ஊசி உயிரைக் காப்பாற்றிவிட்டு, இரண்டு உள்காதிலும் உடம்பை நிலைநிறுத்தும் உறுப்பை முக்கால்வாசி தின்றுவிட்டது. பகலில் கண் பார்த்துச் சமாளிக்கும். இருட்டிலோ ஈரப் பாறையிலோ, தென்காசிக் கோபுர வாசல் காற்றில் அகப்பட்ட சருகுதான் நான்.

போன வருஷம் வெளிநாட்டிலிருக்கும் மருமகன், "மாமா, காதுக்குப் பின்னால கரண்ட் வச்சுப் பாக்காங்க, ஆய்வுக்கு வாரீங்களா?" என்றான். கரண்டா! போனேன்.

காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் பக்கத்துக்கு ஒரு மின்பட்டை. முதலில் ஒரே சீரான மின்னோட்டம், 1 மில்லி ஆம்பியர்தான். நேர்முனை இருந்த பக்கம் உடம்பு தானாகச் சாய்ந்தது. முனையை மாற்றினார்கள், மறுபக்கம்! சிரித்துவிட்டேன். 1800-இல் விஞ்ஞானி வோல்ட்டா தன் காதுகளிலேயே கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சி, தலையில் அடி விழுந்தாற்போல அதிர்ந்து, கூழ் கொதிக்கிற மாதிரிச் சத்தம் கேட்டாராம். என்ன துணிச்சல்!

அப்புறம்தான் அதிசயம். பஞ்சு மெத்தைமேல் நிற்கவைத்துக் கண்ணைக் கட்டினார்கள். இந்த முறை ஒழுங்கில்லாமல் ஏறி இறங்கும், உணரவே முடியாத மின்னோட்டம். "ஆன் பண்ணியாச்சா?" என்றேன். பண்ணி அரை நிமிஷமாம். நான் விழவில்லை! ஆறு வருஷத்துக்கப்புறம் கண்ணை மூடி, கையால் எதையும் பிடிக்காமல், நின்றுகொண்டிருந்தேன்!

இப்படி ஒழுங்கில்லாத மின்னோட்டத்தை 'இரைச்சல்' என்கிறார்கள். இரைச்சல் எப்படி உதவும்? மடை விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர் நிற்கிறது, வழியாது. காற்றடித்து அலை எழும்பினால் அப்பப்போ வழியும். மிச்சமிருக்கும் உறுப்பு அனுப்பும் பலவீனச் செய்தியையும் அந்த இரைச்சல் இப்படித்தான் விளிம்பு தாண்ட வைக்கிறது. இரு காதும் பழுதானவர்களின் தள்ளாட்டம் இதனால் குறைவதாக 2014-இல் தோக்கியோ மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பலன் கிடையாது, இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. இருக்கட்டுமே, நான் நின்றேனே!

ஊருக்கு வந்ததும் சாரல் தொடங்கிவிட்டது. கருவியை மாட்டிக்கொண்டு அருவிக்குள் போகமுடியாது, கரண்டும் தண்ணீரும் ஆகாது. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தேன். கண்ணை மூடி, ஒரு கையை எடுத்தேன். மூணு எண்ணுவதற்குள் மறுபடி பிடித்துவிட்டேன். அடுத்த தடவை அஞ்சு.