கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவம்: நாஸ்ட் முதல் சண்ட்ப்ளாம் வரை

கிறிஸ்துமஸ் தாத்தா என்றதும் வெண்தாடி, பருத்த உடல், சிவப்பு உடை, சிரித்த முகம் கொண்ட முதியவர் நினைவுக்கு வருகிறார். இவ்வுருவம் விவிலியத்தில் இல்லை. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் அமெரிக்க இதழ்களுக்கும் விளம்பரங்களுக்கும் ஓவியர்கள் வரைந்த படங்களின் வழியே இது நிலைபெற்றது. அவர்களுள் தாமஸ் நாஸ்ட் (1840–1902), ஹேடன் சண்ட்ப்ளாம் (1899–1976) ஆகிய இருவரும் முதன்மையானவர்கள்.

பின்னணி

இம்மரபின் மூலவர் புனித நிக்கோலஸ். 4ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் உள்ள மீரா நகரின் ஆயராக இருந்தவர். வறுமையால் மணமாகாதிருந்த மூன்று பெண்களுக்காக, இரவில் யாரும் அறியாமல் பொன்முடிப்புகளை வீட்டினுள் போட்டார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை. பழைய தேவாலய ஓவியங்களில் அவர் ஆயருக்குரிய உடையில் காணப்படுகிறார். டச்சு மக்கள் வழங்கிய 'சிண்டர்கிளாஸ்' என்ற பெயர் அமெரிக்காவில் 'சாண்டா கிளாஸ்' ஆயிற்று. கிளெமென்ட் மூர் எழுதியதாகக் கருதப்படும் 1823ஆம் ஆண்டுக் கவிதை, அவரை எட்டுப் பனிமான்கள் இழுக்கும் வண்டியில் வரும் குள்ள உருவமாக வருணித்தது.

தாமஸ் நாஸ்ட்

ஜெர்மனியில் பிறந்து சிறுவயதிலேயே நியூயார்க்கில் குடியேறிய நாஸ்ட், 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழின் அரசியல் ஓவியர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜனவரி 3 நாளிட்ட இதழில் அவரது தாத்தா வடதரப்பு வீரர்களுக்குப் பரிசு வழங்குகிறார். உடையில் அமெரிக்கக் கொடியின் விண்மீன்களும் கோடுகளும் உள்ளன. தென்தரப்புத் தலைவர் ஜெபர்சன் டேவிஸின் பொம்மையொன்று அவர் கையில் கயிற்றில் ஆடுகிறது. ஆக, இந்த அன்பான தாத்தா போர்ப் பிரசாரத்தில் தொடங்கியவர்.

1866இல் நாஸ்ட் வரைந்த தொகுப்புப் படம் அவருக்கு வடதுருவத்தில் வீடும் பொம்மைப் பட்டறையும் கொடுத்தது. தொலைநோக்கியும், குழந்தைகளின் நடத்தையைக் குறித்துவைக்கும் பேரேடும் அதில் இடம்பெற்றன. 1881இல் வெளியான படத்தில் இன்று நாம் அறிந்த பருத்த, மலர்ந்த முகம் முழுமை பெற்றது.

ஹேடன் சண்ட்ப்ளாம்

குளிர்பானம் கோடைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை மாற்ற கோகோ கோலா நிறுவனம் முயன்றது. அதற்காக 1931 முதல் 1964 வரை சண்ட்ப்ளாம் கிறிஸ்துமஸ் விளம்பரங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். முதலில் ஓய்வுபெற்ற விற்பனையாளரான நண்பர் ஒருவரையும், பின்னர் கண்ணாடியில் தன்னையும் பார்த்து வரைந்தார். அதனால் தாத்தா, பக்கத்து வீட்டுப் பெரியவர் போலானார்.

சிவப்பு உடையைக் கொடுத்ததே கோகோ கோலாதான் என்பது பரவலான தவறு. 1900களின் தொடக்கத்தில் 'பக்' இதழின் அட்டைகளில் அவர் சிவப்பு உடையில் வந்துவிட்டார். சண்ட்ப்ளாம் நிறத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஆண்டுதோறும் ஒரே முகத்தைக் காட்டி, மற்ற முகங்களை மறக்கச் செய்தார்.

மதிப்பீடு

ஓவியத் திறனில் இருவரும் குறைந்தவர்கள் அல்லர். நாஸ்டின் நுண்கோடுகளில் எத்தனை முறை பார்த்தாலும் புதிதாக ஏதேனும் கண்ணில் படும். சண்ட்ப்ளாமின் முகங்களில் கணப்பு வெளிச்சத்தின் இதம் உண்டு. ஆனால் உருவம் மாறியபோது ஈகையின் பொருளும் மாறியது. நிக்கோலஸ் தேவையைப் பார்த்துக் கொடுத்தார், தம்மை மறைத்துக்கொண்டார். நாஸ்டின் தாத்தா நடத்தையைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார். நல்ல பிள்ளைக்குப் பரிசு, குறும்புக்குப் பிரம்பு என்பது ஐரோப்பிய மரபில் முன்பே இருந்ததுதான். அதற்குப் பேரேட்டின் வடிவத்தைத் தந்தது நாஸ்டின் கோடு. சண்ட்ப்ளாமின் தாத்தாவோ பல படங்களில் கையில் புட்டியுடன் இளைப்பாறுகிறார். கொடுக்க வந்தவர் நுகர்பவராகிறார்.

பரிசு கிடைக்காத ஏழைக் குழந்தை, தான் நல்ல பிள்ளை இல்லை போலும் என்று எண்ண இடம் தருவது இந்த மாற்றத்தின் பெருங்குறை. அந்தக் குழந்தையின் வீட்டுக்கு இரவில் வந்த ஆயரின் உருவம், புகழ்பெற்ற இந்த இரு ஓவியர்களின் படங்களிலும் இல்லை.