ஒரு சோற்றுப் பதமும் தோட்டக் கணக்கும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். மாதிரியெடுப்பு என்னும் முறையின் சாரத்தை இப்பழமொழி தன்னுள் அடக்கியுள்ளது எனலாம். ஆயின் அது ஒரு நிபந்தனையையும் சொல்லாமற் சொல்கின்றது. பானைச் சோறு முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்திருத்தல் வேண்டும். மலையகத் தோட்டங்களின் சுகாதார நிலை பற்றிய புள்ளிவிபரங்களை எடுத்தாள்வோர் பலர் இந்நிபந்தனையை மறந்துவிடுகின்றனர். அம்மறதியின் விளைவுகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2016இல் நடத்திய குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடு முழுவதிலும் 17.3 சதவீதத்தினர், தோட்டத்துறையிலோ 31.7 சதவீதத்தினர். 2006-07 அளவீட்டில் தோட்டத்துறைக்குரிய எண் 40.2 ஆக இருந்தது. இவ்வெண்களைக் கொண்டு இரு முடிவுகள் கூறப்படலாம். ஒன்று, தோட்டப் பிள்ளைகள் ஏனையோரிலும் பின்தங்கியுள்ளனர் என்பது. மற்றையது, பத்தாண்டுகளில் நிலைமை சீரடைந்துவிட்டது என்பது. இரண்டும் ஒரே அளவீடுகளிலிருந்து பிறந்தவையாயினும் ஒரே அளவு உறுதியுடையவை அல்ல.

2016 அளவீட்டில் ஏறத்தாழ 27,000 குடித்தனங்கள் விசாரிக்கப்பட்டன. ஆனால் 2012 குடிசன மதிப்பின்படி நாட்டு மக்களுள் தோட்டத்துறையினர் 4.4 சதவீதத்தினரே. இத்தகைய சிறு பிரிவிற்குக் கூடுதலான பங்கை ஒதுக்கினாலும், அளக்கப்படும் தோட்டப் பிள்ளைகளின் தொகை சில நூறுகளைப் பெரிதும் தாண்டுவது அரிது. விளக்கத்தின் பொருட்டு 400 பிள்ளைகள் எனக் கொள்வோம். வேறு 400 பிள்ளைகள் எழுமாறாகத் தெரிவாகியிருப்பின் 31.7 என்ற எண்ணும் சற்று மாறியிருக்கும். இதுவே எழுமாற்று வழு. இதன் அளவைக் காட்டுவதற்கு யேர்சி நேமன் என்னும் அறிஞர் 1937இல் வகுத்ததே நம்பிக்கை ஆயிடை. நமது உதாரணத்தில் 95 சதவீத ஆயிடை ஏறத்தாழ 27 முதல் 36 வரை அமையும். உண்மை இதனுள் இருப்பதற்கு 95 சதவீத வாய்ப்புண்டு என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தவறு. இம்முறையை நூறு தடவை கையாண்டால் ஏறத்தாழ 95 தடவைகளில் ஆயிடை உண்மையைத் தன்னுள் கொள்ளும் என்பதே பொருள்.

இங்குதான் பானைச் சோற்றின் நிபந்தனை குறுக்கிடுகின்றது. அளவீட்டாளர் பிள்ளைகளைத் தனித்தனியே தெரிவு செய்வதில்லை. சில இடங்களைத் தெரிந்து, அவ்விடங்களில் உள்ள வீடுகளுக்குச் செல்கின்றனர். ஒரே லயத்துப் பிள்ளைகள் ஒரே பீலித் தண்ணீரைக் குடிக்கின்றனர். ஒரே பிள்ளைக் காம்பராவில் வளர்கின்றனர். அவர்தம் பெற்றோர் பெறுவதும் ஒரே சம்பளம். ஆகவே ஒரு லயத்தில் பத்துப் பிள்ளைகளை அளப்பது, பத்துத் தோட்டங்களில் பத்துப் பிள்ளைகளை அளப்பதற்கு ஈடாகாது. இவ்வொற்றுமையால் மாறற்றிறன் இரு மடங்காகின்றது எனக் கொண்டால் ஆயிடை 25 முதல் 38 வரை விரியும்.

இனி மேற்கூறிய இரு முடிவுகளையும் நோக்குவோம். ஆயிடையின் கீழெல்லையான 25 கூட நாட்டின் 17.3 இலும் மிக உயர்ந்தது. எனவே முதல் முடிவு அசையாது நிற்கின்றது. 'எண்களில் ஐயம் உண்டு' எனக் கூறிக் கடமையைத் தள்ளிப்போடுவோர்க்கு இங்கு இடமில்லை. இரண்டாவது முடிவின் கதி வேறு. இரு அளவீடுகளிலும் 400 பிள்ளைகள் எனின் 8.5 என்ற வீழ்ச்சியின் வழு எல்லை, லயத்து ஒற்றுமையைப் புறக்கணித்தால் 6.6, கணக்கிற் கொண்டால் 9.4. முன்னையதன்படி முன்னேற்றம் உண்மை. பின்னையதன்படி அது தற்செயலாகவும் இருக்கலாம். தனியொரு தோட்டத்தைப் பற்றிய கூற்றோ இதனினும் நலிந்தது. 25 பிள்ளைகளில் எண்மர் உயரம் குன்றியோர் எனின் ஆயிடை 14 முதல் 50 வரை பரந்து கிடக்கும்.

இவ்வளவும் எழுமாற்று வழு பற்றியதே. கொழுந்து நிறுக்கும் இடத்தை அறிந்தவர்க்கு இன்னொரு வழுவும் தெரியும். காற்றில் ஆடும் தராசு ஒருநாள் கூட்டியும் ஒருநாள் குறைத்தும் காட்டும்; பல நாள் நிறுத்தால் அது சமனாகிவிடும். ஈரத்திற்கும் சாக்கிற்குமென ஒவ்வொரு நிறுவையிலும் கழிக்கப்படும் கிலோவோ ஆயிரம் முறை நிறுத்தாலும் சமனாகாது. அது முறைசார் வழு. நம்பிக்கை ஆயிடை முதலாவதை மட்டுமே அளக்கும். இரண்டாவதைப் பற்றி வாய் திறவாது.

தோட்ட அளவீட்டில் இவ்வழு நுழையும் வாயில்கள் பல. பகலில் வரும் அளவீட்டாளர் மாலையில் மீண்டும் வராவிடின், மலைக்குக் கொழுந்தெடுக்கச் சென்ற தாயின் வீடு தவறி, வீட்டிலிருக்கும் தாயின் பிள்ளையே கணக்கில் ஏறும். மேலும், குறைந்தது 20 ஏக்கர் பரப்பும் 10 வதிவிடத் தொழிலாளரும் உடைய தோட்டங்களையே திணைக்களம் தோட்டத்துறை என வரையறுக்கின்றது. லயத்தை விட்டு அற்றன் நகரின் ஓரத்திற் குடியேறிய குடும்பம் அக்கணமே அத்துறையிலிருந்து மறைகின்றது. எவருடைய வறுமையும் தீராமலே எண் மாறக்கூடும். 2006-07இன் பானையும் 2016இன் பானையும் ஒன்றல்ல.

ஆகவே நாம் வேண்டத்தக்கவை மூன்று. தோட்டத்துறை பற்றிய எந்த எண்ணும் தன் ஆயிடையுடன் வெளியிடப்படல் வேண்டும். அவ்வாயிடை லயத்து வாழ்வின் ஒற்றுமையைக் கணக்கிற் கொண்டதாதல் வேண்டும். எவரை அளந்தனர், எவர் விடுபட்டனர் என்பதும் உடன் கூறப்படல் வேண்டும். எம் பெற்றோரின் உழைப்பு நிறுவையிற் குறைந்தபோது வாளாவிருந்தோம். எம் பிள்ளைகளின் உயரம் அளக்கப்படும்போதேனும் தராசைப் பார்த்துக் கேள்வி கேட்பது, கற்றவராகிய எமது கடமையாகும்.