லூயி கானின் ஆராய்ச்சிக் கோபுரங்கள் - ஒரு பார்வை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்றார்கள் நம் பெரியவர்கள். பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் கட்டிப் பார் என்றும் சேர்த்திருக்கலாம். வீட்டில் அடுப்புப் புகை போக ஒரு வழி விட்டால் போதும். ஆராய்ச்சிக்கூடத்திலோ அமில ஆவி, வாயுக் குழாய், தண்ணீர், மின்கம்பி, சுத்தமான காற்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி வழி வேண்டும்.

அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகத்தின் செங்கல் கட்டடங்களைப் பார்த்த அன்பர்களுக்கு லூயி கான் என்ற பெயர் புதிதல்ல. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில்தான் நியூயார்க் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்குப் பெரும் புகழ் தேடித்தந்தது, பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக அவர் வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆராய்ச்சிக் கட்டடம். 1957-ல் தொடங்கிய வேலை 1960-ல் முடிந்தது. அடுத்த ஆண்டே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் இந்த ஒரு கட்டடத்துக்காகவே கண்காட்சி வைத்தது.

அவர் கருத்து இதுதான். மனிதர் வேலை செய்யும் இடம் வேறு. அதற்கு ஊழியம் செய்யும் படிக்கட்டு, லிஃப்ட், காற்றுக் குழாய் இவற்றின் இடம் வேறு. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆகவே எட்டு மாடி ஆய்வுக் கோபுரங்கள் எழுந்தன. ஒவ்வொரு தளமும் 45 அடிக்கு 45 அடி சதுரம், நடுவில் ஒரு தூண் கிடையாது. புகைபோக்கிகளும் படிக்கட்டுகளும் செங்கல் கோபுரங்களாக வெளிச்சுவரை ஒட்டி நின்றன. பொறியாளர் ஆகஸ்ட் கோமெண்டன்ட் வெளியில் வார்த்த கான்கிரீட் உத்திரங்களைக் கொண்டுவந்து கோத்தார். உத்திரங்களின் திறப்புகள் வழியாகவே குழாய்கள் ஓடின. ஒளித்து வைக்கும் சங்கதிகளுக்கு இப்படியொரு கௌரவம் தந்தது கானின் சாதனை. அதை யாரும் மறுக்க முடியாது.

சரி, உள்ளே வேலை செய்தவர்கள் என்ன சொன்னார்கள்? மூலைகளெல்லாம் கண்ணாடி, வெயில் நேரே மேசையில் அடித்தது. கண் கூசாமலிருக்க விஞ்ஞானிகள் ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டார்கள். திறந்த கூரைக் குழாய்களில் தூசி படிந்தது. ஓவியர் அறைபோல ஒவ்வொருவருக்கும் தனி இடம் என்று கான் நினைத்தார். அவர்களுக்கோ கருவிகளும் உதவியாளர்களும் பெருகப் பெருக விரிந்துகொள்ள இடம் தேவைப்பட்டது. குழாய்க்கு நல்ல வீடு கிடைத்துவிட்டது, குடியிருப்பவர்தான் திண்டாடினார் என்று சொல்லலாம்.

'அப்படியானால் அது தோற்றுப்போன கட்டடமா?' என்று கேட்பீர்கள். முழுக்க அப்படிச் சொல்ல மாட்டேன். 2009-ல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பிறகு புதுப்பித்தபோது, ரசாயன வேலையை விட்டுக் கணினி சார்ந்த ஆய்வுக்கு ஒதுக்கினார்கள். தனக்கேற்ற குடித்தனம் கிடைக்க அந்தக் கட்டடம் அரை நூற்றாண்டு காத்திருந்தது! ஆனால் முதலில் குடிவந்தவர்களின் கஷ்டத்துக்கு அது பதிலாகாது.

கான் பாடம் படித்தார் என்பதற்குச் சாட்சி, கலிபோர்னியாவில் 1965-ல் நிறைவடைந்த ஸால்க் ஆய்வு நிறுவனம். அது பல்கலைக்கழகமல்ல; போலியோ தடுப்பூசி கண்ட ஜோனஸ் ஸால்க் நிறுவியது. ஸால்க் கட்டடக் கலைஞரோடு கூடவே உட்கார்ந்தார். ஒப்புக்கொண்ட திட்டத்தையே மாற்றச் சொன்னார். முடிவில் ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே குழாய்களுக்கென்றே ஆள் நின்று வேலை பார்க்கும் உயரத்தில் ஒரு தளம் வந்தது. கீழே தூணில்லாத நீண்ட கூடம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். தனியே யோசிக்க, கடலைப் பார்த்த சிறு அறைகள் வேறு. அதே கான், அதே கோமெண்டன்ட். கூடுதலாக வந்தது, பயன்படுத்தப்போகும் விஞ்ஞானியின் குரல்.

இன்று நம் நாட்டிலும் அறிவியல் வளாகங்கள் கண்ணாடி போர்த்திக்கொண்டு எழுகின்றன. பிலடெல்பியா வெயிலுக்கே தாள் ஒட்ட வேண்டியிருந்ததென்றால் நாக்பூர் வெயிலுக்கு என்ன கதி? நம் பிள்ளைகள் பலர் இத்தகைய கூடங்களில்தான் ராப்பகலாக ஆராய்ச்சி செய்கிறார்கள். நம்மிடையே பேராசிரியர்களும் பொறியாளர்களும் நிறைய உண்டு. கட்டடக் குழுவில் இடம் கிடைத்தால் முகப்புப் படத்தை ஓரமாக வையுங்கள். புகை எந்த வழியாகப் போகும், மேற்கு வெயில் எந்த மேசையில் விழும், பத்து வருஷம் கழித்துச் சுவரை நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கூடத்தில் நிற்கப்போகும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.