கூவாத ஏலம்

போடிநாயக்கனூரில் ‘ஏலம் என்ன விலை?’ என்றால் காயைக் கேட்கிறார்கள். ‘ஏலம் எப்போ?’ என்றால் விற்பனையை. ஒரே சொல் மாதிரிதான் இருக்கு, ஆனா இரண்டுக்கும் உறவே கிடையாது. காயின் ஏலம் நம் பக்கத்துப் பழைய சொல். செடியின் தாவரவியல் பெயரான எலெட்டாரியாகூட மலையாள ‘ஏலத்தரி’யிலிருந்து போனதுதான். விற்பனை ஏலம் கப்பலில் வந்தது. போர்த்துக்கீசிய ‘லெய்லாவ்’ இந்தியில் நீலாம், மலையாளத்தில் லேலம். சொல்லின் முதலில் ‘ல’ வருவதைத் தமிழ் மரபு ஏற்காது; அதை உதிர்த்துவிட்டு ஏலம் ஆக்கிக்கொண்டோம்.

இதை ஆங்கிலேயர் என்னவென்று சொன்னார்கள்? யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் ‘அவுட்க்ரை’ என்று ஒரு பதிவு இருக்கு. வெளியே கூவுதல், அதாவது ஏலம். இங்கிலாந்தில் மறைந்த பிறகும் இந்தியாவில் இந்தச் சொல் நெடுநாள் பிழைத்திருந்ததாம். அதே பொருளில் ‘அவுட்ரூப்’ என்ற இன்னொரு விசித்திரச் சொல்லையும் லின்ஸ்கோட்டனின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். அது டச்சுக்காரர்களின் ‘கூவி அழைத்தல்’. லெய்லாவுக்கு மூலம் அரபியின் ‘அல்-இஃலாம்’, அதாவது அறிவிப்பு என்பது தெலுங்கு அறிஞர் சி.பி. பிரவுன் சொன்னது, அதையும் பெயரோடு பதிந்திருக்கிறார்கள். நேர்மையான வேலை.

குறை வேறு இடத்தில். பதிவின் தலைச்சொல் இந்தி வடிவம். எடுத்துக்காட்டாகச் சொல்லும் வழக்கம், இறந்துபோன ஐரோப்பியரின் உடைமைகளை விற்பது. பர்னெல் தஞ்சாவூரில் வேலை பார்த்தவர். தமிழ்ச் சந்தையில் இந்தச் சொல் என்ன ஆச்சு என்று அவர் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஏன்னா, சொல்லின் உயிர் சந்தையில்தான் இருக்கு. இன்று போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்-ஏலம். மாதிரிக் காயைப் பார்த்துவிட்டு வியாபாரிகள் கணினியில் விலை கேட்கிறார்கள், கூச்சல் இல்லை. ‘இது என்ன ஏலம்?’ என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. அவுட்க்ரையில் இருப்பது கத்தல், அல்-இஃலாமில் இருப்பது அறிவிப்பு. கத்தல் போகட்டும். போடிமெட்டுக்கு மேலே காய் எடுக்கிறவருக்கு அன்றைய அதிக விலையும் சராசரி விலையும் தெரிய வேண்டும். வாரியம் அதைத் தினமும் வெளியிடுகிறது. அந்த அறிவிப்பு நிற்காத வரைக்கும் சொல் பொய்யாகாது. நின்றுபோனால் மிஞ்சுவது வெறும் விற்பனைதான்.