நாகம்மாள் கேட்ட பங்கு

கொங்கு நாட்டு உழவர் வாழ்வினை அவர்தம் மொழியிலேயே நாவலாக்கியவர் ஆர். சண்முகசுந்தரம். 1942இல் வெளிவந்த அவருடைய 'நாகம்மாள்' தமிழ் வட்டார நாவலுக்கு முன்னோடி என்பது அறிஞர் பலரும் உடன்பட்ட முடிபு. ஆயின், அதன் தலைவியை மதிப்பிடும் முறையில் யாம் ஒருசாராரோடு வேறுபடுகின்றோம்.

கைம்பெண்ணாகிய நாகம்மாள் தன் மகளோடு கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் வாழ்கின்றாள். கணவன் பங்கைப் பிரித்துத் தருமாறு கேட்கின்றாள். கெட்டியப்பன் என்னும் முரடன் அவளுக்குத் துணை நிற்கின்றான். சின்னப்பனோ மாமியார் சொற்கேட்டு நிலத்தை விற்றுவிட்டு அவளூர்க்குப் பெயர எண்ணுகின்றான். பூசல் முற்றி அவன் கொலையுண்கின்றான்.

சோற்றுக்கும் துணிக்கும் குறையில்லாதவள், அன்புடைய ஒரு குடும்பத்தைத் தன் அடங்காமையாற் கெடுத்தாள் என்பர் அவ்வொருசாரார். அவள் குற்றமற்றவள் என்று யாமும் கூறோம். சின்னப்பன் கொடியனும் அல்லன். நாவலின் நுட்பமே அங்குத்தான் உள்ளது. கொடியவன் ஒருவன் பட்டினி போட்டிருந்தால் கொடுமையை எளிதில் அடையாளம் காண்போம். நல்லவன் ஒருவன் நாள்தோறும் சோறிட்டுக்கொண்டே, கேளாமல் நிலத்தை விற்க முற்படும்போது அதற்குப் பெயரிட அறியாது திகைக்கின்றோம். திகைப்பின் பழியைப் பெண்ணின்மேல் ஏற்றுகின்றோம். 'உண்டாளா?' என்று வினவுதல் போதாது. 'விற்கும் உரிமை எவரிடம்? அவளைக் கேட்டார்களா?' என்பனவே வினவத்தக்கன.

அக்காலச் சட்டத்தையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். பழைய மிதாட்சர முறைப்படி, கூட்டுக் குடும்பத்துக் கைம்பெண்ணுக்கு உரியது சீவனாம்சமே. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் பங்கில் அவளுக்கு வாழ்நாள் உரிமை அளித்தது. ஆயின் அச்சட்டம் மாகாணங்களின் வேளாண் நிலத்தைத் தொடாது என்று 1941இல் கூட்டரசு நீதிமன்றம் கருத்துரைத்தது. சென்னை மாகாணம் அதனை வேளாண் நிலத்துக்கு நீட்டித்தது 1947இலேதான். நாவலோ இவ்விரண்டு ஆண்டுகட்கும் இடையே தோன்றியது. நாகம்மாள் கேட்டது காடும் தோட்டமும். அதைக் கேட்க அவளுக்கு மன்றம் இல்லை, கெட்டியப்பன் இருந்தான். அவளது வழக்கு ஒரு முரடன் கைக்குப் போனதற்கு அவள் குணத்தை மட்டும் காரணமாக்குதல் சாலாது.

2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரக் கொடுமையைத் தனியே வகுத்துரைக்கின்றது. பெண்ணுக்கு உரிமையுள்ள சொத்தை விற்றலும் அதனுள் அடங்கும். கணவனை மட்டுமன்றிக் கூட்டுக் குடும்பமாக உடன்வாழும் உறவினரையும் அது தழுவுகின்றது. இன்று நாகம்மாள் தானாகவோ பாதுகாப்பு அலுவலர் வாயிலாகவோ குற்றவியல் நடுவரிடம் விண்ணப்பித்து, நிலத்தை விற்கவொண்ணாதவாறு தடையாணை கோரலாம். வாழும் வீட்டினின்று தன்னை வெளியேற்றலாகாது என்றும் கேட்கலாம். பெண் என்பதொன்றே இலவசச் சட்ட உதவிக்குப் போதிய தகுதி.

இவ்வாராய்ச்சி நிலத்தோடு நிற்பதன்று. கொங்குப் பெண்டிர் பலர்க்கு இன்று காடு தோட்டம் திருப்பூர்ப் பனியன் கம்பெனிச் சம்பளமே. கைமடித்தும், பிசிறு வெட்டியும், ஓவர்லாக் தைத்தும் ஈட்டிய கூலி அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழுகின்றது என்க. அட்டையும் அதன் இரகசிய எண்ணும் கணவனிடம் இருப்பின், பேருந்துக் கட்டணத்துக்கும் அவள் கையேந்த நேர்ந்தால், அவளறியாமல் அவள் பெயரில் கடன் எழுதப்படின், நாகம்மாளின் நிலையினும் இது எவ்வகையில் வேறு? (நூற்பாலைகளில் மணச்செலவுக்கென்று மூன்றாண்டுக் கூலியின் ஒரு பகுதியை நிறுத்திவைத்த 'சுமங்கலித் திட்டம்' தனி ஆராய்ச்சிக்குரியது, ஆங்குப் பிடித்துவைத்த கை ஆலையினுடையது.) வங்கிக்குத் தானே சென்று எண்ணை மாற்றுதலும், தன் ஆதார், கணக்குப் புத்தகம், நகை இரசீது ஆகியவற்றை நம்பத்தக்க இடத்தில் வைத்தலும், 181 என்னும் உதவி எண்ணில் பேசுதலும் அவளுக்கு இயல்வன. கெட்டியப்பனைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

அவளும் 'குடிக்கிறானா, அடிக்கிறானா, பிறகென்ன குறை?' என்று ஊராரால் வினவப்படுவாள். நாகம்மாளைக் குறித்து யாம் மேலே கண்ட திறனாய்வும் ஏறத்தாழ அவ்வினாவையே கேட்டது. ஆசிரியர் கேட்கவில்லை. கொலையுண்டவன் பெயரை விடுத்துப் பங்கு கேட்டவள் பெயரையே அவர் நூலுக்கு இட்டார்.