பொம்மக்காவின் பிறப்பைத் திருத்தியது யார்? – கொடைக்கால வில்லுப்பாட்டை முன்வைத்து

பங்குனி பிறந்துவிட்டால் சித்திரை கழிகிறதுவரைக்கும் எங்கள் மாவட்டத்தில் கொடைக்காலம். முன்பெல்லாம் கும்பப்பூ அறுப்பு முடிந்து வயல் வெறுமனே கிடக்கும், கையில் நாலு காசு புழங்கும் நேரம் இது. அந்த வயல்கள் பலவும் வாழையும் ரப்பரும் வீட்டுமனையுமாக ஆகிவிட்டன; கொடை மட்டும் நின்றபாடில்லை. தலைக்கட்டு வரி பிரிப்பார்கள், கால் நாட்டுவார்கள், வில்லுக்காரருக்கு அச்சாரம் கொடுப்பார்கள். இனயத்தில் கடலைப் பார்த்து நிற்பது வேதக்கோயில்தான். ஆனால் கருங்கல் பக்கமாக உள்ளே ஏறினால் மாடனும் இசக்கியும் காத்திருக்கிறார்கள். வெக்கை தணிந்த ராத்திரியில் குடத்துச் சத்தம் குழாய் வழியாக நெடுந்தூரம் கேட்கும்.

இந்த ராத்திரிகளைப் பற்றி நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். மக்களின் கலை, மக்களின் தெய்வம், பெருங்கோயிலுக்கு மாற்று என்றெல்லாம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பெருங்கோயிலில் தெய்வத்துக்குக் கல்யாணம் நடக்கும், தேர் ஓடும். கொடையில் செத்தவர்தான் தெய்வம். அநியாயமாக வெட்டுப்பட்டவன், வயிற்றுப் பிள்ளையோடு கொல்லப்பட்டவள், சொந்தக்காரன் கையாலேயே செத்தவன், இவர்கள்தான் பீடத்தில் நிற்கிறார்கள். அவர்கள் செத்த கதையை நடுச்சாமத்தில் பாடினால்தான் கோமரத்தாடிக்கு அருள் வரும். கொலையை மறக்காமல் வைத்திருக்கிற கலை இது. அந்த மட்டுக்கும் சரி. ஆனால் 'மக்கள்', 'மக்கள்' என்கிறார்களே, எந்த மக்கள்? யார் செத்த கதை, யார் பாடுகிறார், யார் கேட்கிறார், யார் காதுக்கு ஏற்றபடி கதை மாறியிருக்கிறது? இதைக் கேட்காத ஆய்வு, கொடைக்கு வந்துவிட்டுப் பொங்கச்சோறு தின்றுவிட்டுப் போகிற விருந்தாளியின் ஆய்வுதான்.

ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். முத்துப்பட்டன் கதை. திருநெல்வேலிப் பக்கம் அதிகமாகவும் எங்கள் பக்கம் அங்கங்கேயும் பாடப்படுகிற கதை.

பட்டன் ஒரு பார்ப்பனன். அண்ணன்மாரோடு பிணங்கி மலையாளத்துக்குப் போய்ச் சேவகம் பார்க்கிறான். திரும்பி வருகிற வழியில் மலங்காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்கிற இரண்டு சக்கிலியப் பெண்களைப் பார்க்கிறான். அவர்களுடைய அப்பன் வாலப்பகடை, மாட்டுக் காவல்காரன். பட்டன் பெண் கேட்கிறான். வாலப்பகடை காலில் விழுந்து 'சாமி, அது எங்க பாக்கியம்' என்று சொல்லவில்லை. நிபந்தனை போடுகிறான். பூணூலை அறுக்கணும், குடுமியை எடுக்கணும், தோல் அறுத்துச் செருப்புத் தைக்கணும், அப்புறம் வா என்கிறான். பட்டன் அதைச் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. கல்யாணச் சூடு ஆறுவதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களை மறிக்கப் போய்ச் சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். பாபநாசம் மலையில் காரையாற்றங்கரையில் இருக்கிற சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவன் இவன்தான். இன்றைக்கும் அவனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கிறார்கள்.

இந்தக் கதையைக் கேட்கிற எந்தத் தலித்துக்கும் வாலப்பகடையின் நிபந்தனை வருகிற இடத்தில் நெஞ்சு நிமிரும். தமிழில் நமக்குத் தெரிந்த பழைய கதைகளில் ஒரு தாழ்த்தப்பட்ட தகப்பன் பார்ப்பனனைப் பார்த்து 'நீ எங்க சாதிக்கு வா, எங்க தொழிலைப் படி' என்று சொல்கிற இடம் வேறு எத்தனை இருக்கிறது? எந்தத் தொழிலைச் சொல்லி நம்மைத் தாழ்த்தினார்களோ அதே தொழில்தான் இங்கே மாப்பிள்ளைக்குத் தகுதி.

இந்த இடத்தில்தான் கத்தி விழுந்திருக்கிறது. பாடப்படுகிற பல வடிவங்களில் பொம்மக்காவும் திம்மக்காவும் சக்கிலியப் பெண்களே இல்லை. அவர்கள் பார்ப்பன வயிற்றில் பிறந்தவர்கள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான், அவ்வளவுதான் என்று ஒரு பிறப்புப் பகுதி முன்னாலே சேர்க்கப்பட்டிருக்கிறது. நான் சிறுவயதில் கேட்ட ஒரு கொடையில் பின்பாட்டுக்காரர் அண்ணாவியிடம் கேட்டார்: "அப்பம் அந்தப் பிள்ளையளு நெசமாட்டு அந்தச் சாதி இல்லியா அண்ணாவி?" அண்ணாவி சிரித்துக்கொண்டே, "இல்ல மக்கா, அவியளுக்க ரத்தம் வேற" என்றார். பந்தலுக்குள்ளே ஒரு நிம்மதிச் சிரிப்பு எழும்பியது. பந்தலுக்கு வெளியே, ரோட்டோரத்தில் எங்கள் ஆட்கள் இருந்த பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பெரியம்மை ஒருத்தி மட்டும், "வளத்தவன் சாதிக்கு ஒரு வெலையும் இல்லியாட்டு" என்று வெற்றிலையைத் துப்பினாள். இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்த ஆய்வேட்டிலும் வாசிக்கவில்லை.

அந்தப் பிறப்புப் பகுதி என்ன செய்கிறது என்று பாருங்கள். பெண்கள் பார்ப்பனப் பெண்களாக ஆகிவிட்டால் பட்டன் சாதியை மீறவேயில்லை. தெரியாமலே தன் சாதியில்தான் பெண் எடுத்திருக்கிறான். பூணூலை அறுத்தது சும்மா ஒரு நாடகம். வாலப்பகடை தகப்பன் ஸ்தானத்திலிருந்து இறங்கி வெறும் வளர்ப்புக்காரன் ஆகிவிடுகிறான். அவன் போட்ட நிபந்தனைக்கு அர்த்தமில்லை. ஒரு வரியைக்கூட வெட்ட வேண்டாம். முன்னாலே கொஞ்சத்தைச் சேர்த்தால் போதும், பின்னால் இருக்கிற அத்தனையும் செத்துப்போகும்.

இது ஒரு கதையில் தற்செயலாக நடந்த காரியமில்லை. பறையர் வீட்டில் வளர்ந்து ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயன் சிவனுடைய பிள்ளை என்கிறார்கள். சக்கிலியர் வளர்த்த மதுரைவீரன் காசிராஜன் மகன் என்கிறார்கள். மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விட்டார்களாம். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மதுரை வீரன்' படமும் இந்த ராஜப் பிறப்பைத்தான் தமிழ்நாடு பூராவும் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூன்று கதையிலும் ஒரே வேலை. வீரம், காதல், சாவு எல்லாம் நம் குடிசையில் நடக்கலாம். பிறப்பு மட்டும் நம் குடிசையில் நடக்கக்கூடாது.

முத்துப்பட்டன் கதையை 1971-இல் பதிப்பித்த நா. வானமாமலை இதைக் கண்டுகொண்டவர். பார்ப்பனப் பிறப்பு பிற்பாடு ஒட்டவைத்தது, மேல்சாதிக்காரர்களைச் சமாதானப்படுத்த வந்தது என்பது அவர் கருத்து. மார்க்சியரான அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வில்லுப்பாட்டைப் பற்றி 1988-இல் ஆங்கிலத்தில் பெரிய நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வேறொரு வழியாக வந்தார். கொலையுண்டவன் முதலில் அந்த இடத்துத் தெய்வமாகிறான், வழிபாடு ஊர் தாண்டிப் பரவும்போது அவனுக்குத் தெய்வீகப் பிறப்பு ஒன்று சேர்கிறது, சாவின் கதை பின்னுக்குப் போகிறது என்பது அவர் காட்டிய போக்கு. சரியான கவனிப்பு. ஆனால் 'பரவுகிறது' என்கிற சொல் ரொம்ப சாதுவான சொல். கதை தண்ணீர் மாதிரித் தானாகப் பரவுவதில்லை. ஒரு சாதிக்காரன் கோயிலிலிருந்து இன்னொரு சாதிக்காரன் கோயிலுக்குப் போகிறது. அச்சாரம் கொடுக்கிறவன் கைக்குப் போகிறது. கொடுக்கிறவன் எதைத் தாங்குவானோ அதைத்தான் வில்லுக்காரர் பாட முடியும். அவர் பிழைப்பு அது. அவரைக் குற்றம் சொல்லி எழுதவில்லை. பிறப்பைத் திருத்தியது ஒரு தனி மனுஷனின் பேனா இல்லை. பந்தலுக்குள்ளே உட்கார்ந்திருந்தவர்களின் முகச்சுளிப்பு.

'கதைதானே, விடும்' என்பார்கள். விட முடியாது. 2013-இல் தர்மபுரியிலும் 2016-இல் உடுமலைப்பேட்டையிலும் 2025-இல் இதே திருநெல்வேலியிலும், வேறு சாதிப் பெண்ணோடு பழகிய, அல்லது அவளைக் கட்டிய தலித் பையன்களைச் சாகக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஊர் கேட்கிற முதல் கேள்வி 'அவன் யாரு? அவளுக்க ஆட்கள் யாரு?' என்பதுதான். பொம்மக்காவின் பிறப்பைத் திருத்தின கேள்வியும் இதேதான். அங்கே கதையைத் திருத்தினார்கள், இங்கே ஆளை வெட்டுகிறார்கள். சாதி மீறிய காதல் உயிரோடு இருக்கக்கூடாது. செத்துத் தெய்வமானால் பரவாயில்லை, அதுவும் கடைசியில் ஒரே சாதிதான் என்று நிரூபித்துவிட்டால் இன்னும் நல்லது. சின்னநாடான் கதையும் எங்கள் பக்கத்துக் கதைதான். நாவிதப் பெண்ணோடு வாழ்ந்தவனைச் சொந்தக்காரர்களே கொன்ற கதை. இன்றைக்குப் பத்திரிகைக்காரன் ஆணவக்கொலை என்று எழுதுவதை வில்லுக்காரர் எத்தனையோ காலமாகப் பாடிவருகிறார். கேட்டு அழுகிறவர்கள் காலையில் எழுந்து பெண்ணுக்குச் சாதியில் மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள்.

இதற்காக, திருத்தாத பழைய வடிவத்தை நாம் அப்படியே தலையில் வைத்துக் கொண்டாட வேண்டுமா? அதுவும் கூடாது. பழைய வடிவத்திலும் கதைக்குப் பெயர் பட்டன்தான். பீடமும் காணிக்கையும் முதலில் அவனுக்குத்தான். பெண்கள் தீயில் இறங்குவது மேல்சாதி மானத்தின் வழக்கம்; அதை நம் பெண்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இரண்டு மகள்களையும் மருமகனையும் பறிகொடுத்த வாலப்பகடை அப்புறம் என்ன ஆனான் என்று கதைக்குக் கவலை இல்லை. செருப்பையும் யோசிக்க வேண்டும். மலைமேலே பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை; மலைக்குக் கீழே எத்தனையோ ஊர்களில் அதே செருப்பைத் தைத்தவன் அதைப் போட்டுக்கொண்டு மேலத்தெருவில் நடக்க முடியாமல் இருந்தது. பக்தியையும் தீண்டாமையையும் ஒரே தோலில் தைக்கத் தெரிந்த சமூகம் இது.

எங்கள் மாவட்டத்துத் தலித்துகளுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவரான மகாராசன் வேதமாணிக்கத்தின் முயற்சியால் 1806-இல் ரிங்கல்தௌபே வந்தார், 1809-இல் மயிலாடியில் கோயில் எழும்பியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். அதற்கு முன்பே நம்மில் சிலருக்கு எழுத்தறிவு தந்தது மிஷன். அந்த நன்றி மறக்கக்கூடியதல்ல. ஆனால் மாடன் கொடையைப் பேயாட்டம் என்றது மிஷன். வேதத்துக்குப் போனவர்கள் கொடையை விட்டார்கள். 1936-இல் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனம் அரசாங்கத்தின் கைக்குள் இருந்த கோயில்களைத்தான் திறந்தது. குடும்பத்துக்கும் சாதிக்கும் சொந்தமான மாடன் கோயில்களை அது தொடவில்லை. ஆக, ஒரு பக்கம் நாமாக விலகினோம், இன்னொரு பக்கம் நம்மை உள்ளே விடவில்லை. நடுவில் நம் கதைகள் அடுத்தவர் பந்தலில் போய்ச் சேர்ந்தன.

இப்போது மேடைகள் வந்திருக்கின்றன. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமமும், 2020-இல் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய மார்கழியில் மக்களிசையும் கிராமத்துக் கலைஞர்களைப் பட்டணத்து மேடைக்குக் கொண்டுபோயின. இரண்டும் ஒன்றல்ல, பின்னது நம்முடைய அரசியலில் பிறந்தது. பறைக்கு அந்த மேடைகளில் கிடைத்த மரியாதை பெரிய காரியம். ஆனால் வில்லுக்கு மேடை போதாது. அது ராத்திரி முழுக்க நிகழ வேண்டிய கலை. சாவின் இடத்துக்குக் கதை வந்துசேரவே சாமமாகும். இருபது நிமிஷத்தில் வில்லைத் தட்டி, குடத்தை அடித்து, கைதட்டு வாங்கிவிட்டு இறங்கினால், பட்டணத்துக்குச் சத்தம் போய்ச் சேரும். வாலப்பகடை போய்ச் சேரமாட்டான். ஆகவே சண்டை நடக்க வேண்டிய இடம் கொடைக்களம்தான்.

கதையை மாற்றக்கூடாது, அது பாரம்பரியம் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். மாற்றியவர்கள் அவர்கள். மாற்றலாம் என்பதற்கு எங்கள் நாகர்கோவில்காரர் என்.எஸ். கிருஷ்ணனே சாட்சி. 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நடத்திய 'கிந்தனார்' காலட்சேபத்தில் நந்தன் நெருப்பில் இறங்கவில்லை. பள்ளிக்கூடம் படித்து உத்தியோகத்துக்கு வருகிறான். புராணக்காரர்கள் மூட்டிய நெருப்பை ஒரு நகைச்சுவைக்காரர் அணைத்துவிட்டார்.

நமக்கு அந்த அளவுக்குக்கூட வேண்டாம். நம் காலனிகளிலும் மாடன் உண்டு, இசக்கி உண்டு, சித்திரையில் கொடை உண்டு. நாமும் வரி பிரித்து வில்லுக்காரரை அழைக்கிறோம். நாம் கொடுக்கிற காசை வாங்கிக்கொண்டு, நம் பந்தலிலேயே, பொம்மக்கா நம் பெண் இல்லை என்று பாடினால் நாம் அதைக் கேட்டுக்கொண்டு இருப்பானேன்? அச்சாரம் கொடுக்கிற அன்றைக்கே அண்ணாவியிடம் மரியாதையாகச் சொல்லலாம்: "அண்ணாவி, அந்தப் பொறப்புப் பகுதி எங்களுக்கு வேண்டாம். அவிய எங்க பிள்ளையளு. அப்பிடியே பாடும். வாலப்பகடை அதுக்கப்புறம் என்ன ஆனாருன்னும் ரெண்டு வரி கட்டிப் பாடும்." வில்லுக்காரர் கட்டிப் பாடுவார். காலாகாலமாகக் கேட்கிறவர் முகம் பார்த்துக் கட்டுவதுதான் அவர் வித்தை. இவ்வளவு நாள் பார்த்த முகங்கள் வேறு.