ஹார்வர்டு பக்கம், மைசூர் தூரமா?

கல்லூரிப் படி மிதிக்காதவன் நான். ஜோகுபாளையத்தில் பாத்திரக் கடை வைத்து, கடை சாத்திய பிறகு படித்துப் படித்தே நாலு எழுத்து கற்றுக்கொண்டவன். அப்படிப்பட்டவன் பல்கலைக்கழகங்கள் கூடிச் செய்கிற ஆராய்ச்சியைப் பற்றிக் குறை நிறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். கூட்டு வியாபாரம் பார்த்தவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். யார் முதல் போட்டார், யார் உழைத்தார், கடைசியில் பங்கு யாருக்குப் போனது என்று கணக்கைப் பார்த்தால் கூட்டு நல்ல கூட்டா இல்லையா என்று சொல்லிவிடலாம். அந்தக் கணக்கை ஒரு நூலை வைத்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

நூல், ஐராவதம் மகாதேவன் அவர்களின் ‘எர்லி தமிழ் எபிகிராபி’. மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளை, கி.பி. 6ஆம் நூற்றாண்டு வரை, ஒன்று விடாமல் தொகுத்து ஆராய்ந்த ஆங்கில நூல். எழுநூறு பக்கத்துக்கு மேல். 2003இல் வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று சென்னை க்ரியா பதிப்பகம். மற்றொன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சமஸ்கிருத, இந்தியவியல் துறை. ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் இது 62ஆவது நூல்.

முதல் யாருடையது?

இந்தக் கல்வெட்டுகளின் கதை நீளமானது. 1882இல் ராபர்ட் சூவெல் மதுரைக்கு அருகே மாங்குளம் குகையில் எழுத்துகளைக் கண்டார். அது என்ன மொழி என்பதே பல காலம் தெரியவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இது தமிழ்தான் என்று எடுத்துக் காட்டினார். 1965இல் மகாதேவன் புகளூர்க் கல்வெட்டுகளில் சேர மன்னர் பெயர்களைப் படித்தார். அவர் பேராசிரியர் அல்லர், அரசு அதிகாரி. பிறகு தினமணி ஆசிரியராகவும் இருந்தவர். 1960களிலும் 1990களிலும் மலை மலையாக ஏறி, ஒவ்வொரு எழுத்தையும் நேரில் பார்த்துச் சரிசெய்தார்.

ஆக, முதல் நம் மலைகளுடையது. உழைப்பு ஒரு தனி மனிதருடையது. அச்சின் அழகும் செம்மையும் க்ரியா ராமகிருஷ்ணனுடையது. ஹார்வர்டு தந்தது உலகப் பல்கலைக்கழக நூலகங்களின் அலமாரியில் ஓர் இடம். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். நல்ல சரக்குக்கும் நல்ல கடைவீதி வேண்டும். இந்த அளவில் இது நியாயமான கூட்டு.

பங்கு நமக்கு வந்ததா? நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, கனமாக இருக்கிறது, விலையும் அப்படித்தான். மாங்குளத்திலோ புகளூரிலோ இருக்கிறவர் கையில் இது போய்ச் சேராது. 2014இல் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் திருத்தி விரிவாக்கிய பதிப்பைக் கொண்டு வந்தது. அதுவும் ஆங்கிலம்தான். இது என் முதல் குறை. ஆனால் பெரிய குறை இது இல்லை.

படுக்கைக்கு உரியவர் எந்த ஊர்?

இந்தக் குகைகளில் பெரும்பாலானவை சமணத் துறவிகள் தங்கியவை. கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களில் அரசர்கள் உண்டு, எங்களைப் போன்ற வியாபாரிகளும் உண்டு. மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் என்ற வணிகர் குழு வருகிறது. அழகர்மலையில் உப்பு வாணிகரும் கொழு வாணிகரும், புகளூரில் கரூர்ப் பொன் வாணிகரும் வருகிறார்கள். ஏர்க்கொழு விற்றவர் பெயர் இரண்டாயிரம் வருஷமாக மலையில் நிற்கிறது என்று படித்தபோது, கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த எனக்கு மெய் சிலிர்த்தது.

இன்னும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசலில் ஒரு கல் படுக்கை. அது யாருக்காகச் செய்யப்பட்டது? எருமி நாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு என்று மகாதேவன் படிக்கிறார். எருமி நாடு என்பது மைசூர்ப் பக்கம். சங்கப் பாட்டில் வரும் எருமையூரும் அதுதான் என்பார்கள். முன்பு படித்தவர்கள் இந்த நாட்டுப் பெயரை வேறு விதமாகப் படித்தார்கள். எருமி, காவுடி முதலிய சொற்களில் பழங்கன்னடச் சாயல் இருக்கிறது என்றும், சமணம் கர்நாடகத்தின் வழியாகவே தமிழகம் வந்தது என்றும் இந்த நூல் வாதிடுகிறது.

இங்கிருந்து அங்கே போன ஒருவருக்கு அந்த ஊர்க்காரர்கள் படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள். அங்கிருந்து இங்கே வந்து குடியேறிய நாம் இதைப் படிக்கிறோம். பெங்களூர்த் தமிழனுக்கு இதைவிட நெருக்கமான கல்வெட்டு வேறு எது?

இல்லாத மூன்றாவது பங்காளி

என் பெரிய குறை இதுதான். கன்னடச் சாயல் என்பது நூலின் முக்கியமான வாதம். ஆனால் தலைப்புப் பக்கத்தில் சென்னை இருக்கிறது, பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஹார்வர்டு இருக்கிறது, ராத்திரி ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம் என்கிற மைசூர் இல்லை. பழங்கன்னடத்தில் ஊறிய ஒரு பல்கலைக்கழகத் துறை சமப் பங்காளியாக உட்கார்ந்திருந்தால், அந்த வாதம் ஒன்று இன்னும் உறுதிப்பட்டிருக்கும், அல்லது திருத்தப்பட்டிருக்கும். இரண்டும் லாபம்தானே!

இது மகாதேவன் மேல் பழி அல்ல. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதைத் தனி ஆளாகத் தோளில் சுமந்தவர் அவர். ஆனால் எவ்வளவு பெரிய அறிஞரானாலும் ஒரு கை ஓசை ஒரு கை ஓசைதான். காலக் கணிப்பையே பாருங்கள். மகாதேவன் இந்த எழுத்தின் தொடக்கத்தைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியே வைத்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழு பொருந்தலில் அகழ்ந்து, பானையில் கிடைத்த நெல்லை அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆய்வகத்துக்கு அனுப்பியது. கி.மு. 490 என்று விடை வந்தது. அதை ஏற்பதிலும் மறுப்பதிலும் விவாதம் உண்டு. ஆனால் விவாதத்தையே அடுத்த படிக்கு ஏற்றியது, மண்வெட்டி பிடித்தவரும் ஆய்வகக்காரரும் சேர்ந்த கூட்டுதான்.

தூரத்துக் கூட்டு நமக்கு நன்றாகவே வருகிறது. கொந்தகை மண்டையோடுகளை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து பழந்தமிழர் முகங்களை உருவாக்கியதை 2025இல் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஏன்? தூரத்தில் இருப்பவரோடு நமக்கு வாய்க்கால் வரப்புத் தகராறு கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு எது பழசு, யார் மூத்தவர் என்ற போட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தமிழனாகச் சந்தோஷப்பட்டேன். ஆனால் படிகளைப் பிரித்துக்கொள்வது பாகப்பிரிவினை. சேர்ந்து படிப்பதுதான் கூட்டு.

பல்கலைக்கழக ஒப்பந்தம் இல்லாமலே இது நடந்த காலம் உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். சைவரான அவர், கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் அவர்கள் மரபைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் தயங்காமல் சொன்னார்கள். ஒருவர் கேட்கக் கூச்சப்படவில்லை, மற்றவர் கொடுக்கக் கணக்குப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துபோகிற ஒப்பந்தங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வரும்.

நம்ம தெருவிலிருந்து

ஜோகுபாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் தொம்மலூர் சொக்கநாதர் கோயில். அங்கே ஒய்சள மன்னன் இராமநாதன் காலத்துக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. அரசன் கன்னட வம்சம், எழுத்து தமிழ், ஊர் பெங்களூர். இதைத் தமிழ் மட்டும் தெரிந்தவர் படித்தாலும் பாதிதான், கன்னடம் மட்டும் தெரிந்தவர் படித்தாலும் பாதிதான். பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1905இல் ஒரே தொகுதியாக, மொழி பிரிக்காமல் வெளியிட்டார். 2021 முதல் மிதிக் சொசைட்டி இந்த ஊர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணப் படங்களாகப் பதிவு செய்து வருகிறது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகமும் இந்தக் கற்களுக்காக ஒரே மேசையில் உட்கார வேண்டும். முடிவுகள் இரண்டு மொழியிலும், சாமானியர் வாங்குகிற விலையில் வர வேண்டும். அந்த மேசையில் உட்காரத் தகுந்தவர்கள் யார்? பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் படிக்கிற நம்ம பிள்ளைகள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தொம்மலூருக்கு அழைத்துப் போங்கள். எருமி நாட்டுக் காவுடிக்குச் சித்தன்னவாசலில் வெட்டிக் கொடுத்த படுக்கையின் கதையையும் சொல்லுங்கள். கூட்டு அங்கிருந்து தொடங்கட்டும்.